‘ரெக்கூபரேட்’: நம்ம ஊர்த் தேறுதலுக்கு ஒரு இங்கிலீஷ் சொல்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த புதிதில் டைஃபாய்டு வந்து பதினேழு நாள் படுத்துவிட்டேன். திரும்பி வந்த அன்று வெளிநாட்டுப் பையருக்கு, அதாவது எங்களிடம் சரக்கு வாங்குகிறவருக்கு, ஒரு மெயில் அடித்தேன். சாம்பிள் தாமதமானதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, கடைசி வரி கொஞ்சம் கௌரவமாக இருக்கட்டும் என்று அகராதியில் பார்த்த சொல் ஒன்றைப் போட்டு முடித்தேன்: ‘மை டைஃபாய்டு இஸ் ரெக்கூபரேட்டிங் வெல்.’

அரைமணி நேரத்தில் பதில் வந்தது: ‘க்ளாட் டு ஹியர் தட் யுவர் டைஃபாய்டு இஸ் டூயிங் வெல். ஹவ் அபௌட் யூ?’

எனக்குப் புரியவில்லை. பக்கத்து சீட்டு அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் செக்கிங் செக்‌ஷனிலிருந்து ஆள் வந்துவிட்டார்கள். நான் எழுதியதற்கு நேர் அர்த்தம், ‘என் டைஃபாய்டு நல்லபடியாகத் தேறி வருகிறது’ என்பது. நோய்க்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றி வளர்த்துக்கொண்டிருப்பதாகப் பையருக்குத் தகவல் கொடுத்திருக்கிறேன்.

அதிலிருந்து இந்தச் சொல்லோடு எனக்கு ஒரு தனிப் பழக்கம். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள், நர்சிங் முடித்து வெளிநாட்டுக்குப் பரீட்சை எழுதுகிறவர்கள், வீட்டு ஆளைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு டிஸ்சார்ஜ் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறவர்கள் என்று பலரும் இதில் தடுக்குவதைப் பார்க்கிறேன். இங்கிலீஷில் பெரிய படிப்பெல்லாம் இல்லாத ஒருவன், தான் விழுந்த இடத்தையெல்லாம் காட்டிக்கொண்டே போகும் வழி இது.

முதல் படி: வாயில் வர வேண்டும்

சொல்லை நாலாக உடைத்துக்கொள்ளுங்கள்: ரி – கூ – ப – ரேட். அழுத்தம் இரண்டாவது துண்டில், ‘கூ’வில். மற்ற மூன்றும் அதற்குத் துணைக்கு வருபவை. ‘ரி-க்யூ-ப-ரேட்’ என்றும் சொல்வார்கள், அதுவும் சரிதான். நாம் வழக்கமாகச் செய்கிற தப்பு, முதல் எழுத்திலேயே ஏறி மிதித்து ‘ரெக்குப்பரேட்டு’ என்று பரோட்டா மாதிரிச் சொல்வது. அப்படிச் சொன்னால் எதிரே இருப்பவருக்குப் பிடிபடாது. தமிழில் எழுதும்போது ‘ரெக்கூபரேட்’ என்றுதான் எழுத வருகிறது, நானும் அப்படியேதான் எழுதுகிறேன். வாயில் மட்டும் ‘கூ’வை நீட்டிவிடுங்கள்.

எழுத்து: ஆர், ஈ, சி, யூ, பி, ஈ, ஆர், ஏ, டி, ஈ. சி-க்கும் யூ-வுக்கும் நடுவில் ஒரு ‘ஓ’வை நுழைத்துவிடுகிறவர்கள் அதிகம். அந்த ‘ஓ’ பக்கத்து வீட்டுச் சொல்லான ‘ரீகூப்’பிலிருந்து ஓடி வருவது. அந்தச் சொல் எங்கே வரும் என்று பின்னால் சொல்கிறேன்.

இரண்டாம் படி: அர்த்தத்தை அம்மாயியிடம் கேளுங்கள்

அகராதியைத் திறந்தால் ‘நோயிலிருந்து மீள்தல், உடல்நலம் பெறுதல்’ என்று போட்டிருக்கும். தப்பில்லை, ஆனால் அது போதாது. ‘ரெகவர்’ என்று தேடினாலும் அதையேதான் போட்டிருப்பார்கள். ‘கெட் வெல்’லுக்கும் அதே கதை.

எனக்குச் சரியான அர்த்தம் கிடைத்தது என் அம்மாயி (அம்மாவின் அம்மா) வாயிலிருந்து. டைஃபாய்டில் பன்னிரண்டாம் நாள் தெர்மாமீட்டரில் சூடு இல்லை. நான் வேலைக்குக் கிளம்புகிறேன் என்று எழுந்தேன். வாசல் படியில் கால் வைத்ததும் தொடை நடுங்கியது, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மாயி ஆசாரத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் தலையைக்கூடத் தூக்கவில்லை. ‘காச்சல் உட்டுப்போச்சு கண்ணு. ஒடம்பு இன்னுந் தேறோணும். போயி உக்காரு’ என்றாள்.

காய்ச்சல் விட்ட நாளுக்கும் உடம்பு தேறிய நாளுக்கும் நடுவில் ஒரு காலம் இருக்கிறதே, அதுதான் ரெக்கூபரேட். நோயின் உச்சம் முடிந்துவிட்டது, ஆனால் போன தெம்பு இன்னும் வந்து சேரவில்லை. அந்தத் தெம்பு கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருக்கிறது. மருந்து தன் வேலையை ஏறக்குறைய முடித்துவிட்டது, இனி சோறும் தூக்கமும் நாளும் சேர்ந்து பார்க்க வேண்டிய வேலை.

நம் பக்கத்தில் இந்தக் காலத்துக்கு என்று தனிச் சமையலே உண்டு. முதல் சில நாள் குழைய வேகவைத்த பச்சரிசிக் கஞ்சி, உப்பு மட்டும். காரம் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அம்மாயி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். டாக்டர் ‘இனி எல்லாம் சாப்பிடலாம்’ என்று சொன்ன அன்றைக்கே செலவு ரசம் வைத்துவிட்டாள். வெளியூர்க்காரர்களுக்குச் ‘செலவு’ என்றால் காசு செலவழிப்பது. நம் பக்கத்தில் அது நாட்டு மருந்துக் கடையில் பொட்டலமாகக் கட்டித் தரும் சாமான்: மிளகு, சீரகம், திப்பிலி, சித்தரத்தை, விரலி மஞ்சள் என்று கையளவு. அதை வறுத்து, அம்மியில் பூண்டும் சின்ன வெங்காயமும் சேர்த்து அரைத்து, கொதி வரும்போது வீடெல்லாம் நெடி ஏறும். பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரிக்கும் இதுதான், சளி பிடித்தவருக்கும் இதுதான், டைஃபாய்டிலிருந்து எழுந்தவனுக்கும் இதுதான். அந்த ரசத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்ட நாட்களை இங்கிலீஷில் சொல்ல ஒரே ஒரு வினைச்சொல் போதும்: ‘ஐ வாஸ் ரெக்கூபரேட்டிங்.’

ஆகவே மனப்பாடம் செய்ய வேண்டியது ஒன்றுதான். ரெக்கூபரேட் என்றால் ‘தேறு’. ‘குணமாகு’ அல்ல, ‘சரியாகு’வும் அல்ல. இந்த ஒரு ஒட்டுதலைப் பிடித்துக்கொண்டால் இலக்கணம் பாதிக்கு மேல் தானாக வந்து விழும். எப்படி என்று அடுத்த படியில்.

மூன்றாம் படி: எழுவாயில் ஆள் நிற்க வேண்டும்

நான் விழுந்த குழி இங்கேதான் இருக்கிறது. தமிழில் நோயைப் பற்றிப் பேசும்போது நாம் ஆளை ஓரமாக உட்கார வைத்துவிடுகிறோம். ‘எனக்குக் காய்ச்சல் குணமாயிருச்சு.’ ‘அவருக்கு ஒடம்பு சரியாயிருச்சு.’ ‘அப்பனுக்கு மூட்டுவலி இப்பத் தேவலீங்க.’ எல்லாவற்றிலும் ஆள் ‘-க்கு’ போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார். குணமானது காய்ச்சல், சரியானது உடம்பு, தேவலையானது வலி. இதே வார்ப்பில் இங்கிலீஷை ஊற்றினால் ‘மை டைஃபாய்டு இஸ் ரெக்கூபரேட்டிங்’ என்றுதான் வந்து விழும்.

இப்போது ‘தேறு’ போட்டுப் பாருங்கள். ‘எனக்கு டைஃபாய்டு தேறிருச்சு’ என்று யாராவது சொல்வார்களா? வாய் வராது. ‘அவரு தேறிட்டாரு’, ‘புள்ள தேறிட்டா’, ‘ஒடம்பு தேறி வருது’ என்றுதான் வரும். ஆளோ, ஆளின் உடம்போ நேராக எழுவாயில் நிற்கிறது, நோய் ஓரத்துக்குப் போய்விடுகிறது. ரெக்கூபரேட்டும் அப்படித்தான். எழுவாயில் ஆள் இருக்க வேண்டும்: ‘ஐ’, ‘ஷீ’, ‘மை ஃபாதர்’, ‘த பேஷன்ட்’. ஆடு மாடாகவும் இருக்கலாம். கோமாரி வந்து எழுந்த காங்கேயம் காளையைப் பற்றி ‘த புல் இஸ் ரெக்கூபரேட்டிங்’ என்று தாராளமாக எழுதலாம்.

எங்கள் ஆபீசில் இப்போது புதிதாக வந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது உடனே ஒரு கேள்வி போட்டாள்: ‘ஏனுங்ணா, மழை பேஞ்சதும் எங்க தோட்டத்து மஞ்சள் தேறிருச்சும்போம். அதுக்கும் இதையே போடலாமுங்களா?’ நல்ல கேள்வி. பயிருக்கு இந்தச் சொல் ஒட்டாது, ‘த கிராப் ஹேஸ் ரெகவர்ட்’ என்று போட வேண்டும். ரெக்கூபரேட்டில் ஓய்வெடுத்து, சாப்பிட்டு, தெம்பேறுகிற உடம்பின் வாசனை இருக்கிறது. மஞ்சள் செடி கட்டிலில் படுத்துக் கஞ்சி குடிப்பதில்லை. அதேபோலப் பரீட்சையில் தேறினான் என்பதற்கும் இது ஆகாது, அங்கே ‘பாஸ்ட்’தான். தேறு நம் மொழியில் பல வீடு வைத்திருக்கும் சொல். அதில் ஆஸ்பத்திரி வீட்டுச் சாவி மட்டும்தான் ரெக்கூபரேட்டிடம் இருக்கிறது. இன்னொரு சிறிய அறையின் சாவியும் உண்டு, அதை ஆறாம் படியில் திறக்கலாம்.

நான்காம் படி: யாரும் யாரையும் ரெக்கூபரேட் செய்ய முடியாது

‘த டாக்டர் ரெக்கூபரேட்டட் மை ஃபாதர்.’ இதுவும் அடிக்கடி கண்ணில் படுகிற வாக்கியம். டாக்டர் அப்பாவைத் ‘தேறினார்’ என்கிற மாதிரி இருக்கிறது. தமிழில் அதற்குத் ‘தேற்றினார்’ என்று வேறு உருவம் வேண்டும், பேச்சில் ‘தேத்தி உட்டுட்டார்’. இங்கிலீஷில் இந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு பிறவினை உருவம் கிடையாது. தேறுவது அவரவர் உடம்பு செய்யும் வேலை, அடுத்தவர் செய்து தர முடியாது.

அப்படியென்றால் தேற்றியவரை எப்படிச் சொல்வது? டாக்டர் என்றால் ‘ட்ரீட்டட்’ அல்லது ‘கியூர்ட்’. வீட்டில் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவர் என்றால் அழகான ஒரு தொடர் இருக்கிறது: ‘மை கிராண்ட்மதர் நர்ஸ்ட் மீ பேக் டு ஹெல்த்.’ நர்ஸ் என்பது இங்கே வினைச்சொல். ‘எங்க அம்மாயி என்னைத் தேத்தி உட்டாள்’ என்பதற்கு இதைவிடப் பொருத்தமாக எனக்கு எதுவும் கிடைத்ததில்லை.

‘ஐ வாஸ் ரெக்கூபரேட்டட்’ என்ற செயப்பாட்டு வினையும் வேண்டாம். ‘வாஸ் ரெக்கூபரேட்டிங்’ என்று ‘இங்’ போட்டால் சரி, ‘டட்’ என்று முடித்தால் தப்பு. காதுக்குக் கொஞ்சம்தான் வித்தியாசம், ஆனால் படிக்கிறவருக்கு உறுத்தும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ‘ரெக்கூபரேட் ஒன்ஸ் ஸ்ட்ரெங்த்’, ‘ரெக்கூபரேட் ஹிஸ் ஹெல்த்’ என்று, இழந்த தெம்பையோ நலத்தையோ செயப்படுபொருளாக வைத்து எழுதுவதுண்டு. பார்த்தால் மிரள வேண்டாம். நாமாக எழுதும்போது அது தேவையும் இல்லை.

ஐந்தாம் படி: பின்னால் ஒட்டும் சின்னச் சொற்கள்

எதிலிருந்து தேறுகிறார் என்றால் ‘ஃப்ரம்’: ‘ஷீ இஸ் ரெக்கூபரேட்டிங் ஃப்ரம் டெங்கு.’ ஆபரேஷன் என்றால் ‘ஃப்ரம்’ அல்லது ‘ஆஃப்டர்’, இரண்டும் ஓடும்: ‘ஹீ இஸ் ரெக்கூபரேட்டிங் ஆஃப்டர் எ பைபாஸ் சர்ஜரி.’ எங்கே என்றால் ‘அட் ஹோம்’. எவ்வளவு நாள் என்றால் ‘ஃபார் த்ரீ வீக்ஸ்’. தமிழ் உருபை அப்படியே பெயர்த்து ‘ரெக்கூபரேட் த டெங்கு’ என்றோ, ‘ரெக்கூபரேட் வித் டெங்கு’ என்றோ எழுதிவிடாதீர்கள். இரண்டாவதைப் படித்தால் டெங்குவும் அவரும் ஜோடியாக ஓய்வெடுப்பது போல இருக்கும்.

காலம் பற்றி ஒரு யோசனை. இந்தச் சொல்லை ‘இங்’ போட்டு நடப்பாகவோ, ‘டு’ போட்டு இனி ஆக வேண்டியதாகவோ வைத்துக்கொண்டால் தப்பு வருவது குறைவு. ‘நீட்ஸ் டைம் டு ரெக்கூபரேட்’ என்பது தங்கமான தொடர். முழுவதும் முடிந்துவிட்டது என்று சொல்ல ‘ஃபுல்லி ரெகவர்ட்’ என்பதற்கு மாறிவிடுங்கள். ரெக்கூபரேட் வழியைக் காட்டுகிற சொல், போய்ச் சேர்ந்த இடத்தைச் சொல்ல ரெகவர் இருக்கிறது.

இவை இரண்டும் அண்ணன் தம்பி என்பது வேடிக்கை. லத்தீனில் ‘ரெக்குபெராரே’ என்று ஒரு சொல், திரும்பப் பெறுவது என்று பொருள். அதுவே பழைய பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து ‘ரெகவர்’ ஆனது. ‘ரெக்கூபரேட்’ தேயாமல் லத்தீன் சட்டையோடேயே இங்கிலீஷுக்குள் வந்தது. அதனால்தான் ரெகவர் வீட்டு ஆள் மாதிரி எல்லா இடத்திலும் புழங்குகிறது, ரெக்கூபரேட் கொஞ்சம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது. தலைவலி, ஜலதோஷம் போன்றவற்றுக்கு இதைப் போட்டால் சிரிப்பு வரும். ‘ஐ ரெக்கூபரேட்டட் ஃப்ரம் எ ஹெடேக்’ என்பது, தலைவலியிலிருந்து ஒருவழியாகத் தேறி எழுந்தேன் என்று ஊரைக் கூட்டுவது போல. அதற்கெல்லாம் ‘ஐ ஃபீல் பெட்டர்’ போதும். நோயே இல்லாமல் ஓய்ந்துபோன உடம்புக்கு இதைப் போடலாம். ஷிப்மென்ட் வாரத்தில் நாலு ராத்திரி கண்விழித்தவன் ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தூங்கினால் அதுவும் ரெக்கூபரேட்தான். மகளுக்குக் கல்யாணம் முடித்துச் சீர் சாமானெல்லாம் ஏற்றி அனுப்பிவிட்டு, இரண்டு நாள் யாரிடமும் பேசாமல் திண்ணையில் சாய்ந்திருக்கும் அப்பாவுக்கும் பொருந்தும்.

அக்கம்பக்கத்துச் சொற்களையும் பார்த்துவிடலாம். ‘ஹீல்’ காயத்துக்கும் எலும்புக்கும் உரியது. தறி ஓட்டும்போது விரல் மாட்டித் தையல் போட்டவரை வைத்துப் பாருங்கள். பத்து நாளில் புண் ஆறிவிட்டது, ஆனால் பிடிப்பு வரவில்லை, பாவு முடிச்சுப் போட முடியவில்லை. ‘த வூண்ட் ஹேஸ் ஹீல்ட், பட் ஹீ இஸ் ஸ்டில் ரெக்கூபரேட்டிங்.’ ஆறியது புண், தேறிக்கொண்டிருப்பது ஆள். தமிழிலேயே ஆறுவதும் தேறுவதும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் இது நமக்குச் சுலபம். ‘கியூர்’ மருந்தோ டாக்டரோ நோயை ஒழிப்பது. அதனால்தான் ‘கெட் கியூர் சூன்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது, ‘கெட் வெல் சூன்’ என்று அனுப்ப வேண்டும்.

‘கன்வலெஸ்’ என்று இன்னொன்று உண்டு. அர்த்தம் ஏறக்குறைய ரெக்கூபரேட்டேதான், இன்னும் கொஞ்சம் பழைய வாசனை, நீண்ட நாள் படுக்கை என்ற தொனி. அதன் லத்தீன் வேரான ‘வலேரே’ என்றால் வலுவாக இருப்பது. காதுக்கு நம் ‘வலு’ மாதிரியே கேட்கிறது. உறவு கொண்டாடிச் சண்டைக்குப் போக வேண்டாம், ஞாபகம் வைத்துக்கொள்ள உதவும் என்பதற்காகச் சொன்னேன்.

இந்தச் சொல்லின் வாசனை பிடிபட வேண்டுமானால் பெருந்துறையை நினைத்துக்கொள்ளலாம். அங்கே காசநோய்க்காரர்களுக்கு என்று அமைந்த ஆஸ்பத்திரியை வைத்து அந்த இடத்துக்கே சானடோரியம் என்று பெயர் நின்றுவிட்டது, பஸ் ஸ்டாப்பில் இன்றும் அப்படித்தான் கேட்டு இறங்குகிறார்கள். 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்படும் வரைக்கும் காசநோயை நேரே தாக்கும் நல்ல மருந்து உலகத்தில் எங்குமே இல்லை. ஈரமில்லாத காற்று, வெயில், ஓய்வு, நல்ல சாப்பாடு, இவ்வளவுதான் வைத்தியம். மாதக்கணக்கில் படுத்துக் கிடந்து தேறினால் உண்டு. கன்வலெஸ் என்ற சொல்லுக்கு அந்த நீண்ட வராந்தாக்களின் சாயல் இருக்கிறது. மருந்து வந்த பிறகு, 1956இல் சென்னையில் தொடங்கிய ஓர் ஆய்வு, ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் வீட்டில் இருந்தபடியே காசநோயைக் குணப்படுத்தலாம் என்று 1959இல் காட்டியது. சானடோரியங்களின் காலம் அதோடு இறங்கத் தொடங்கியது. கன்வலெஸ் என்ற சொல்லையும் இப்போது பேச்சில் அதிகம் கேட்பதில்லை. பரீட்சையில் வந்தால் அர்த்தம் தெரிந்திருந்தால் போதும், மெயிலில் போட வேண்டாம் என்பது என் கட்சி.

ஆறாம் படி: காசு தேறுமா?

சொன்ன இன்னொரு சாவி இதுதான். நம் ஊரில் தேறுவது உடம்பு மட்டும் இல்லையே. ‘பழைய மிஷினை வித்தா எவ்வளவு தேறும்?’ ‘இந்த வெள்ளாமையில ஒண்ணுந் தேறாது.’ ரெக்கூபரேட்டும் அதேபோலக் காசுப் பக்கம் ஒரு கால் வைத்திருக்கிறது. ‘த கம்பெனி இஸ் ட்ரையிங் டு ரெக்கூபரேட் இட்ஸ் லாசஸ்’ என்றால் விட்டதைப் பிடிக்கப் பார்க்கிறது என்று அர்த்தம். இங்கே மட்டும் நஷ்டமோ செலவோ செயப்படுபொருளாக வரும்.

ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். நாம் தேறும் என்பது கையில் கிடைக்கிற தொகையை, அது விட்ட காசாக இருக்க வேண்டும் என்றில்லை. ரெக்கூபரேட் என்றால் போனது திரும்பி வர வேண்டும். மாட்டுச் சந்தையில் கிடைத்த லாபத்துக்கு இது ஆகாது. உண்மையைச் சொன்னால், காசு விஷயத்தில் நான் ‘ரீகூப்’ என்ற சொல்லையோ ‘ரெகவர்’ என்பதையோதான் எழுதுகிறேன், கணக்குப் பிள்ளைகளுக்கும் அதுதான் பழக்கம். முதல் படியில் ‘ஓ’வைக் கடன் கொடுத்ததாகச் சொன்னேனே, அது இந்த ரீகூப்தான். பார்க்க ஒரே குடும்பம் மாதிரி இருக்கும், ஆனால் அது வெட்டுவது என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த வேறு வம்சம்.

கோயமுத்தூர்ப் பக்கம் பட்டறையில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி. உலையின் புகைபோக்கியில் வீணாகப் போகும் சூட்டைப் பிடித்து, உள்ளே போகும் காற்றைச் சூடேற்றும் கருவிக்கு ‘ரெக்கூபரேட்டர்’ என்று பெயர். போன சூடு திரும்பி வருகிறது. எரிபொருள் மிச்சம். அந்தக் கருவியைத் தினமும் பார்க்கிற ஃபோர்ஜிங் பட்டறைத் தம்பி ஒருவருக்கு இந்த வினைச்சொல்லைச் சொல்லிக்கொடுக்க எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

ஏழாம் படி: தாளில் எழுதிப் பழகுங்கள்

லீவ் லெட்டரில் ‘ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று பள்ளிக்கூடத்தில் படித்ததையே நாற்பது வயதிலும் எழுதுகிறோம். காய்ச்சல் அடிக்கும்போது அது சரி. காய்ச்சல் விட்ட பிறகும் ஒரு வாரம் லீவை நீட்டிக்க வேண்டும் என்றால் இப்படி எழுதிப் பாருங்கள்: ‘ஐ ஆம் ரெக்கூபரேட்டிங் ஃப்ரம் டைஃபாய்டு, அண்ட் மை டாக்டர் ஹேஸ் அட்வைஸ்ட் ஒன் மோர் வீக் ஆஃப் ரெஸ்ட்.’ காய்ச்சல் இல்லையே, ஏன் வரவில்லை என்று கேட்க வருகிற மேனேஜர் வாயை அந்த ஒரு சொல் அடைத்துவிடும். அது பொய்யும் இல்லை.

உடம்பு சரியில்லாத பையருக்கோ உடன் வேலை பார்ப்பவருக்கோ எழுதும்போது ‘ப்ளீஸ் ரெக்கூபரேட் சூன்’ என்று எழுத வேண்டாம். வெரசாகத் தேறித் தொலை என்று விரட்டுகிற தொனி வந்துவிடும். ‘விஷ் யூ எ ஸ்பீடி ரெகவரி’ என்பது வாழ்த்து. இன்னும் இதமாக, ‘டேக் ஆல் த டைம் யூ நீட் டு ரெக்கூபரேட்’ என்று எழுதினால், அவசரமில்லை, மெல்லமாகத் தேறி வாங்க என்று நம் ஊர் மரியாதை அதில் வந்துவிடுகிறது.

பெயர்ச்சொல் ‘ரெக்கூபரேஷன்’. ‘எ பீரியட் ஆஃப் ரெக்கூபரேஷன்’ என்று டிஸ்சார்ஜ் தாளில் பார்க்கலாம். அதே தாளில் இன்னொரு சொல் வீட்டுக்காரர்களைக் கலங்கடிக்கும்: ‘அன்ஈவென்ட்ஃபுல்’. என் மாமன் பித்தப்பை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது தாளில் ‘போஸ்ட் ஆபரேடிவ் பீரியட் வாஸ் அன்ஈவென்ட்ஃபுல்’ என்று இருந்தது. அவர் மகன் அதை ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று படித்துவிட்டு, ஆபரேஷனே செய்யாமல் அனுப்பிவிட்டார்களோ என்று ராத்திரி பத்து மணிக்கு எனக்குப் போன் செய்தான். வயிற்றில் தையல் இருக்கிறதா பாரு என்றேன். அந்தச் சொல்லுக்கு அர்த்தம், சிக்கல் ஒன்றும் வராமல் நல்லபடியாகப் போனது என்பதுதான். ஆஸ்பத்திரித் தாளில் இருக்கிற சொற்களிலேயே நிம்மதியானது அது.

இனி, பழகிப் பார்க்க வீட்டுப் பேச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் புதுப்பிள்ளைகளுக்குக் கொடுப்பது இந்த மாதிரி வரிகள்: ‘அப்பாரு இடுப்பு ஆபரேசன் பண்ணிப்போட்டு ஊட்டுலதான் தேறிட்டு இருக்காருங்க.’ ‘நங்கையாளுக்குக் கை எலும்பு கூடிருச்சு.’ ‘ரெண்டு மாசம் ஆகுமுங்க தேற.’ முதல் வரியில் அப்பாரு (நம் பக்கத்தில் தாத்தா) எழுவாய், ஆகவே ‘மை கிராண்ட்ஃபாதர் இஸ் ரெக்கூபரேட்டிங் அட் ஹோம் ஆஃப்டர் எ ஹிப் சர்ஜரி.’ இரண்டாவதில் கூடியது எலும்பு, அங்கே ஹீல்தான் வர வேண்டும்: ‘ஹெர் போன் ஹேஸ் ஹீல்ட்.’ மூன்றாவதில் எழுவாயே இல்லை. தமிழுக்கு அது வேண்டாம், இங்கிலீஷ் விடாது. யார் என்று பிடித்து உட்கார வைக்க வேண்டும்: ‘ஹீ வில் நீட் டூ மன்த்ஸ் டு ரெக்கூபரேட்.’ இப்படி நாளைக்கு இரண்டு வரி செய்தால் ஒரு வாரத்தில் கை தானாகச் சரியான இடத்தில் போய் நிற்கும்.

அந்த டைஃபாய்டு மெயிலுக்கு நான் பதில் எழுதியதையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் பக்கத்தில் நின்று ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துத் தந்தது: ‘த டைஃபாய்டு இஸ் கான். ஐ ஆம் ரெக்கூபரேட்டிங் வெல், தேங்க் யூ.’ இந்தத் தடவை இரண்டே நிமிஷத்தில் பதில் வந்தது. ‘வெரி குட். வென் கேன் வீ எக்ஸ்பெக்ட் த சாம்பிள்ஸ்?’